புக்கிட் மெர்தாஜாம் நாய் விவகாரம்: கடிக்கும் முன் உறுமியதா, இல்லையா?

குளுகோர் குணா:
செந்தூல் சேகர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "குழந்தையைக் கடித்த நாயை அன்றைக்கே ஊசி போட்டு முடித்திருக்க வேண்டும், ரத்த ருசி கண்ட நாய் மறுபடியும் கடிக்காமல் விடாது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பலரும் அதற்குத் தலையாட்டியிருக்கிறீர்கள். பேசப்படுவது என் அக்கா வீட்டு நாய். நான் பேசித்தான் ஆக வேண்டும்.

நடந்தது இது. புக்கிட் மெர்தாஜாமில் அக்காவுக்குத் தாமான் வீடு, அதாவது குடியிருப்புப் பேட்டை வீடு. நாயின் பெயர் மணி. ஆறு வயது, ஜெர்மன் ஷெப்பர்டும் நாட்டு நாயும் கலந்தது. குட்டியிலிருந்து அந்த வீட்டில்தான் வளர்கிறது. தடுப்பூசி அட்டை இருக்கிறது, மாநகர் மன்ற லைசென்ஸ் இருக்கிறது. போன சனிக்கிழமை மத்தியானம் பின்கட்டில் ஓர் ஆட்டு எலும்பைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தது. அக்காவின் பேரன், ஐந்து வயது, ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தான். மணி திரும்பிக் கன்னத்தில் ஒரு கடி. கடித்த வேகத்தில் விட்டுவிட்டு, எலும்பையும் அங்கேயே போட்டுவிட்டு, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. பையனுக்கு ஐந்து தையல்.

இப்போது வீடு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. மருமகன், அதாவது பையனின் அப்பா, ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார். அக்கா, "என் கண் மூடுற வரைக்கும் மணி இங்கதான்" என்கிறார். மகள், பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசப் போகிறார்கள்.

விலங்கு கிளினிக்கில் பல வருஷம் உதவியாளராக வேலை பார்த்தவன் நான். ரத்த ருசி என்பதெல்லாம் கட்டுக்கதை. நாம் போடும் பச்சைக் கறியில் இல்லாத ரத்தமா? கடித்த நாயை எடைபோடுவதற்கு வழி இருக்கிறது. இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் கடியை ஆறு படியாகப் பிரித்திருக்கிறார். முதல் படியில் பல் படவே படாது. ஆறாவது படியில் உயிர் போயிருக்கும். ஒரே கடி, பல் பாதி ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை, உலுக்கவில்லை, உடனே விட்டது என்றால் அது மூன்றாவது படி. பல முறை ஆழமாகக் கடித்து ஐந்தாவது படிக்குப் போன நாய்க்காக நான் வாய் திறக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: மணி உறுமியது. அடுப்படியில் நின்ற அக்கா இரண்டு முறை காதால் கேட்டிருக்கிறார். உறுமிய நாய் எச்சரித்த நாய். எச்சரித்த நாயைக் கொல்வது அநியாயம்.

செந்தூல் சேகர்:
என் பேரைப் போட்டே ஆரம்பிச்சிருக்கீங்க, சந்தோஷம் அண்ணே. நான் எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட மாத்திக்க மாட்டேன்.

ஐந்து வயசுப் பையன். கன்னத்துல ஐந்து தையல். கண்ணுக்கும் கன்னத்துக்கும் எத்தனை தூரம்? ரெண்டு விரல். நீங்க முதலாவது படி, மூணாவது படின்னு படிக்கட்டு எண்ணிக்கிட்டு இருக்கீங்க.

உறுமலுக்கு வருவோம். பையனோட அப்பா ஹாலில்தான் உட்கார்ந்திருந்தாராம், பின்கட்டுக் கதவு திறந்திருந்ததாம், ஒரு சத்தமும் கேக்கலைன்னு அவரே சொன்னதா நீங்கதான் நேத்து எழுதினீங்க. பெத்த அப்பனுக்குக் கேக்காதது சமைச்சுக்கிட்டு இருந்த பாட்டிக்கு எப்படிக் கேட்டுச்சு? அடுப்புக்கு மேல புகை இழுக்கிற காத்தாடி ஓடிக்கிட்டிருந்தா பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதே கேக்காது. அது உறுமவே இல்ல. உறுமாம கடிச்ச நாய் அது. அதை வீட்டுல வச்சுக்க முடியாது.

பாகான் பவானி:
நான் தாதி. முதலில் பையனைப் பற்றிக் கேட்கிறேன். கடி பட்ட உடனே காயத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவினார்களா? நிறையப் பேர் மஞ்சள் அப்பிவிட்டு, காப்பித்தூள் வைத்துவிட்டு அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வெறிநாய்க்கடிக் கிருமியைக் காயத்தைவிட்டு வெளியேற்றுவதில் முதல் மருந்து சோப்புத் தண்ணீர்தான்.

சேகர் அண்ணே, "அன்றைக்கே ஊசி போட்டு முடிக்கணும்" என்று நீங்கள் சொன்னதை யாரும் கேட்டு நடந்துவிடக் கூடாது. கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால், பத்து நாளுக்குள் நோய் தெரிந்துவிடும், இல்லை நாய் செத்துவிடும். பத்து நாள் தாண்டியும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு நடமாடினால் அந்தக் கடியில் கிருமி இல்லை என்று அர்த்தம். அவசரப்பட்டுக் கொன்றுவிட்டால் நாயின் மூளையை எடுத்துப் பரிசோதித்தால்தான் உண்டு. அதற்கு ஈப்போவில் இருக்கிற கால்நடை ஆய்வுக் கூடத்துக்குத் தலையை அனுப்ப வேண்டும். உயிரோடு இருக்கிற நாய்தான் பையனுக்குப் பாதுகாப்பு, இந்தப் பத்து நாளும்.

குளுகோர் குணா:
நன்றி பவானி. சேகர், தாதி சொல்லிவிட்டார், படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னபடி அன்றைக்கே கொன்றிருந்தால் பையனுக்குத்தான் ஆபத்து.

காயத்தைக் கழுவினார்கள். அக்காதான் கழுவினார். மருமகன் பதறிப்போய்க் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

காத்தாடி ஓடவில்லை. குழம்பை இறக்கியாகிவிட்டது. அக்கா அப்பளம் பொரிக்க எண்ணெய் வைக்கப் போன நேரம்.

செந்தூல் சேகர்:
முதல்ல "அடுப்படியில் நின்ற அக்கா". இப்ப குழம்பு இறக்கியாச்சு, காத்தாடி நிறுத்தியாச்சு. அடுத்த தடவை அக்கா நாய் பக்கத்திலயே உட்கார்ந்திருந்தாங்கன்னு எழுதுவீங்க.

பத்து நாள்னா பத்து நாள், நான் வேண்டாம்னு சொல்லல. பதினோராம் நாள் என்ன? அதுக்குப் பதில் சொல்லுங்க.

ஜாலான் ஈப்போ இளங்கோ:
சட்டப்படி சில விஷயங்கள். மலேசியக் குற்றவியல் சட்டம் 289ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆகவே இது "எங்கள் வீட்டு விஷயம்" மட்டும் அல்ல. நாளை பக்கத்து வீட்டுப் பிள்ளையை அது கடித்தால், ஒரு முறை கடித்த நாய் என்று தெரிந்தும் வைத்திருந்தார்கள் என்பதே வழக்கில் வந்து நிற்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. விலங்கு நலச் சட்டம் 2015 படி கொடுமைக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கால்நடை மருத்துவர் கையால் வலியில்லாமல் முடிப்பது குற்றமில்லை. கோபத்தில் அடித்தே கொல்வது குற்றம். இன்னொன்று: ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், டோபர்மேன் போன்றவை இங்கே இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உள்ள இனங்கள். பிட்புல், அக்கித்தா, தோசா போன்றவற்றுக்கு அனுமதியே கிடையாது. மணி கலப்பு என்றாலும் அதன் பாதி ரத்தம் எது என்பதை யோசியுங்கள்.

குளுகோர் குணா:
இளங்கோ சார், இனத்தை இழுக்காதீர்கள். கிளினிக்கில் என் கையைக் கிழித்தவை எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பொமரேனியன்கள். ஷெப்பர்ட் என்னைக் கடித்ததே கிடையாது. சட்டத்தில் 289 இருக்கிறது சரி. அந்தப் பிரிவு நாயைக் கொல்லச் சொல்கிறதா? ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பாயான் பாரு பிரேமா:
எனக்கு இரண்டு பிள்ளைகள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. எலும்பு கடிக்கிற நாய் பக்கத்தில் ஐந்து வயசுப் பிள்ளையை யார் தனியாக விட்டது? பெரியவர்கள் மூன்று பேர் வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஒருத்தர் அடுப்படி, ஒருத்தர் ஹால். அம்மா எங்கே? யாரும் பிள்ளையைப் பார்க்கவில்லை. நாயின் தலையில் போடுவது சுலபம்.

ஆனாலும் குணா அண்ணே, அந்த வீட்டில் மறுபடி பிள்ளையையும் மணியையும் ஒன்றாக விட முடியாது. அந்தப் பையன் இனிமேல் பின்கட்டுக்குப் போவானா, ராத்திரி தூங்குகிறானா என்று இங்கே யாரும் கேட்கவே இல்லை. உறுமிச்சா உறுமலையா என்றே போய்க்கொண்டிருக்கிறது.

செந்தூல் சேகர்:
பிரேமாக்கா, நீங்க பெத்தவங்க மேல பழி போடுறது சரியில்ல. என் வீட்டுலயும் பிள்ளைங்க ஓடுது, ஒவ்வொரு நிமிஷமும் யாரும் பின்னாலயே ஓட முடியாது. சொந்த வீட்டுக்குள்ள பிள்ளையை ஓட விடக்கூடாதா? வீடு யாருக்கு, பிள்ளைக்கா நாய்க்கா?

பாயான் பாரு பிரேமா:
நான் பழி போடவில்லை. கேட்டேன். ஆம்பிளைகள் ஹாலில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துவிட்டு, நாயைக் கொல்லு என்று தீர்ப்புச் சொல்வதைத்தான் கேட்டேன். உங்களுக்கு ஏன் சுடுகிறது?

சுங்கை பாக்காப் பெரியசாமி:
நான் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவன். லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, எல்லா வீட்டு வாசல்லயும் நாய் இருக்கும். பால்மரம் வெட்டப் போகும்போது இருட்டுல கூடவே வரும், பாம்பு இருந்தா முதல்ல அதுதான் குரைக்கும். அந்தக் காலத்துல பிள்ளையைக் கடிச்ச நாயைப் பெரியகிராணிகிட்ட, அதான் தோட்ட ஆபீஸ் தலைமை எழுத்தர்கிட்ட, சொன்னா, துப்பாக்கியோட ஆள் வருவான். மரத்தடியில கட்டிச் சுட்டுட்டுப் போயிடுவான். யாரும் உறுமிச்சான்னு கேக்கல. சரியா தப்பான்னு எனக்குத் தெரியும், நான் கட்டின நாய் ஒண்ணு அப்படிப் போச்சு. அது கடிச்சது கங்காணி மகனை. அவன் அதைக் கல்லால அடிச்சது எங்க லயத்துக்கே தெரியும், யாரும் வாயைத் திறக்கல.

நாயைச் சுட்டாச்சு, லயம் அமைதியாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. அடுத்த மாசம் வேற நாய் கடிச்சுச்சு, அதே பையனை.

குளுகோர் குணா:
ஐயா, இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதே பையனை.

இப்போது நான் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஆணியில் ஒரு ரோத்தான், அதாவது பிரம்பு, தொங்கும். பிள்ளைக்கு வாங்கியது, நாய்க்குத்தான் பயன்பட்டது. மணி குட்டியாக இருந்தபோது தட்டுக்கிட்டே யாராவது போனால் உறுமும். அது ஒவ்வொரு முறை உறுமும்போதும் மருமகன் அந்த ரோத்தானை எடுத்தார். "நாய் அடங்கிவிட்டது" என்று பெருமையாக எங்களிடம் காட்டுவார், தட்டிலிருந்து கையால் சோற்றை எடுத்துக் காட்டுவார், மணி வாலை உள்ளே மடக்கிக்கொண்டு நிற்கும்.

அது அடங்கவில்லை. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். பயம் உள்ளேயே இருந்தது. நாய் ஒன்று கடிக்கும் முன்னால் எத்தனையோ சொல்லும். உடம்பு விறைக்கும். மெல்லுவதை நிறுத்தும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டி வெள்ளை விழி தெரியப் பார்க்கும். உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. கட்டிப்பிடித்தால் நாய்க்குப் பிடிக்கும் என்று நினைக்கும். பிள்ளைகளுக்கு முகத்திலேயே கடி விழுவது அதனால்தான், அவர்களின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. இதில் உறுமல் ஒன்றுதான் எல்லோருக்கும் புரிகிற எச்சரிக்கை. அதை அடித்தே அழித்துவிட்டு, எச்சரிக்காமல் கடித்தது என்று நாயைக் கூண்டில் நிறுத்துகிறார்கள்!

செந்தூல் சேகர்:
அண்ணே, நிறுத்துங்க. நீங்க எழுதினதை நீங்களே இன்னொரு தடவை படிங்க. அடிச்சு அடிச்சு உறுமறதையே அழிச்சுட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்படின்னா சனிக்கிழமை அது உறுமல! நான் முதல்லருந்து சொல்றதும் அதுதானே?

ஜாலான் ஈப்போ இளங்கோ:
சேகர் கேட்பது நியாயமான கேள்வி. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

குளுகோர் குணா:
ஏன் இருக்க முடியாது? முழுக்கப் போகவில்லை. சத்தம் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது. அதனால்தான் ஹாலில் இருந்தவருக்குக் கேட்கவில்லை, கிட்டே நின்ற அக்காவுக்குக் கேட்டது. நான் சொன்னதுக்கு இதுவே ஆதாரம். உறுமியது.

செந்தூல் சேகர்:
கேட்டா உறுமல், கேக்கலன்னா தொண்டைக்குள்ள உறுமல். உங்களை யாராலும் ஜெயிக்க முடியாது அண்ணே.

2017ல தங்க ரதம் முதல் தடவை கிளம்பினப்பவும் இப்படித்தான். நான் ஒண்ணு சொன்னா நீங்க பத்து சொல்லி, கோலாலம்பூர்க்காரனுக்குப் பினாங்குத் தைப்பூசத்தைப் பத்தி என்ன தெரியும்னு முடிச்சீங்க. நான் மறக்கல.

குளுகோர் குணா:
தெரியாததால்தான் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். தண்ணீர்மலை அடிவாரத்தில் நிற்காதவர் ரதத்தைப் பற்றிப் பேச வேண்டாம், நாயைக் கட்டி வளர்க்காதவர் நாயைப் பற்றிப் பேச வேண்டாம்.

பாகான் பவானி:
ரதம் எதுக்கு இங்கே? அண்ணே, ஒன்று கேட்டேன், பதில் வரவில்லை. பையனுக்கு வெறிநாய்க்கடி ஊசி ஆரம்பித்தார்களா? ஆரம்பித்தால் 0, 3, 7, 14 என்று நாள் தவறக் கூடாது. முகத்துக் காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து, போடுவதையும் மருத்துவர் பார்ப்பார். நாய்க்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது என்கிறீர்கள், கடைசி ஊசி எந்த வருஷம்? குட்டியில் போட்டதோடு விட்டுவிட்டு "அட்டை இருக்கு" என்று சொல்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இந்த நோய்க்குக் குறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரவாக்கில் 2017இலிருந்து இதனால் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன, அதில் பிள்ளைகளும் உண்டு.

குளுகோர் குணா:
ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் நாளும் போட்டாயிற்று. மணிக்குப் போன வருஷம் ஊசி, அட்டையில் முத்திரை இருக்கிறது.

பட்டர்வொர்த் பாலா:
வெறிநாய்க்கடின்னதும் எனக்கு 2015 செப்டம்பர்தான் ஞாபகம் வருது. பெர்லிஸ், கெடா, பினாங்கு மூணு மாநிலத்துலயும் நோய்னு அறிவிச்சாங்க. தெருநாய்ங்களைப் பிடிச்சுக் கொல்லச் சொல்லி மாநில அரசு உத்தரவு போட்டுச்சு. எங்க தாமான்ல வலையோட வந்தாங்க. சங்கிலி போடாம வெளியில நின்ன வீட்டு நாயையும் தூக்குனாங்க. எங்க எதிர் வீட்டுப் பாட்டி லைசென்ஸ் தகட்டைக் கையில வச்சுக்கிட்டு லோரி பின்னால ஓடினாங்க. கொல்லு கொல்லுன்னு சொல்றவங்க அதையெல்லாம் பார்த்ததில்ல.

செந்தூல் சேகர்:
அப்ப நோய் பரவினா சும்மா விடணுமா? மனுஷ உயிர் முக்கியமா இல்லையா?

பாகான் பவானி:
நோயை நிறுத்துவது தடுப்பூசி. ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கொல்வதால் மட்டும் அது நின்றதில்லை. ஊசி போட்ட நாயையும் சேர்த்துக் கொன்றால் காலியான இடத்துக்கு ஊசி போடாத நாய் வந்து நிற்கும்.

பட்டர்வொர்த் பாலா:
அதைத்தான் அப்பவும் கத்தினோம். யாரு கேட்டாங்க?

ஜாலான் ஈப்போ இளங்கோ:
2015 தெருநாய் விவகாரம் வேறு, வீட்டு நாய் கடித்தது வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். இந்த நாய் எங்கே போகும் என்பதே கேள்வி. பாலிக் புலா யோசனையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

சுங்கை பாக்காப் பெரியசாமி:
டுரியான் தோட்டம்னா டுரியான் விழுற சீசன்ல காவலுக்கு நாய் வேணும்பாங்க. ரெண்டு மாசம். அப்புறம்? சங்கிலியில கட்டிப் போட்டு மழையில நனையும். ஒரு நாள் சங்கிலி அறுந்தா ரோட்டுக்கு வரும், பழம் பொறுக்க வர்ற பிள்ளையைக் கடிக்கும். அந்த ஊருக்குக் கடிச்ச நாய்னு தெரியாது. கொடுக்கிறவங்க சொல்லிக் கொடுப்பாங்களா?

குளுகோர் குணா:
ஐயா சொல்வது சரி. தோட்டத்துக்கு அனுப்புவது பிரச்சினையை இன்னொருவர் வாசலில் போடுவது. மகளுக்கு அதைத்தான் சொன்னேன். கடித்த நாயைக் காப்பகமும் லேசில் எடுக்காது, எடுத்தாலும் வேறு வீட்டுக்குக் கொடுக்கத் தயங்கும்.

என் யோசனை இது. முதலில் மணியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் உடம்பைப் பார்க்க வேண்டும். ஆறு வயது ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு வலி வருவது சகஜம். காதில் புண், பல்லில் சீழ் இருந்தாலும் கழுத்தைத் தொட்டால் பொறுக்காது. பின்னாலிருந்து பையன் பாரம் முழுவதும் போட்டுத் தொங்கியிருக்கிறான். வலியால் கடித்ததா என்று பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டாவது, பின்கட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் இடுப்புயரக் கம்பிக் கதவு. மூன்றாவது, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் மணி வெளியே வந்தால் கூடை வைத்த வாய்ப்பூட்டு. மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கடிக்க முடியாது. நான்காவது, எலும்பும் சோறும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் மட்டும். ஐந்தாவது, அந்த ரோத்தானை எடுத்துக் குப்பையில் போட வேண்டும்.

இத்தனையும் ஏன் சொல்கிறேன்? மணி உறுமியது. சொல்லிவிட்டுக் கடித்த நாயைத் திருத்தலாம்.

பாயான் பாரு பிரேமா:
கம்பிக் கதவை யார் மூடுவது? வீட்டில் ஆறு பேர். யாராவது ஒருத்தர் துணி காயப்போடப் போகும்போது திறந்து விட்டுவிட்டு வருவார்கள். எங்கள் வீட்டுக் கேட்டே ஒழுங்காக மூடப்படுவதில்லை. ஒரு நாள் போதும். நீங்கள் குளுகோரில் இருக்கிறீர்கள், அந்த வீட்டில் நீங்கள் இல்லை.

மணியைக் கொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அக்கா அதைக் கூட்டிக்கொண்டு தனியாக இருக்க முடியுமா? இல்லை நீங்களே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமே? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

செந்தூல் சேகர்:
அப்படிக் கேளுங்கக்கா! அண்ணே, நீங்க வச்சுக்குவீங்களா?

குளுகோர் குணா:
நான் இருப்பது பதினான்காவது மாடி அடுக்ககம். நாய் வைக்க அனுமதி இல்லை. தெரிந்துதான் கேட்கிறீர்கள்.

செந்தூல் சேகர்:
தெரியாமத்தான் கேட்டேன். ஆனா பதில் ரொம்ப வசதியா இருக்கு. நாய் அக்கா வீட்டுல, பிள்ளை அக்கா வீட்டுல, புத்திமதி மட்டும் பதினாலாவது மாடியில இருந்து.

என் தங்கச்சி மகளுக்கு முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கு. தெரிஞ்ச நாய், பக்கத்து வீட்டு நாய், "ஒண்ணும் பண்ணாது பயப்படாதே"ன்னு சொன்ன நாய். முதல் தடவை லேசா கவ்வுச்சு. கதவு போடுறோம், கட்டி வைக்கிறோம்னாங்க. ரெண்டாவது தடவை சதையோட வந்துச்சு. இப்ப அவளுக்குப் பள்ளிக்கூடப் பேருந்து நிக்கிற இடத்துல நாய் தெரிஞ்சா அன்னைக்குப் பள்ளி கிடையாது. எனக்கு நாய் மேல கோபம் இல்ல. ரெண்டாவது வாய்ப்பு குடுத்தவங்க மேலதான் கோபம். அதனாலதான் அன்னைக்கே முடிச்சிருக்கணும்னு எழுதினேன். இன்னொரு தடவையும் எழுதுவேன்.

பட்டர்வொர்த் பாலா:
அந்த நாய் முதல் தடவை கவ்வினப்ப உறுமிச்சா?

செந்தூல் சேகர்:
பாலா, வேணாம்.

குளுகோர் குணா:
பாலா கேட்டது சரியான கேள்விதான். சேகர், உங்கள் தங்கச்சி மகளுக்கு நடந்தது கொடுமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த நாய் செய்ததை மணி தலையில் எழுதாதீர்கள். அது கட்டிப் போட்ட காவல் நாய். மணி வீட்டுக்குள் வளர்ந்தது, பிள்ளை பிறந்ததிலிருந்து தொட்டில் பக்கத்தில் படுத்தது.

செந்தூல் சேகர்:
தொட்டில் பக்கத்துல படுத்த நாய்தானே கன்னத்தைக் கடிச்சுச்சு?

ஜாலான் ஈப்போ இளங்கோ:
குணா, உங்கள் அக்கா கேட்டதாகச் சொல்வது ஒரு சாட்சி. மருமகன் கேட்கவில்லை என்பது இன்னொரு சாட்சி. நீங்கள் அன்று அங்கே இல்லை. நீதிமன்றத்தில் உங்கள் பேச்சு எடுபடாது.

குளுகோர் குணா:
இது நீதிமன்றம் இல்லை. அக்கா பொய் சொல்பவர் இல்லை. அறுபத்தெட்டு வயது, ஒரு நாளும் அவர் வாயிலிருந்து பொய் வந்ததில்லை.

ஜாலான் ஈப்போ இளங்கோ:
அப்படியானால் மருமகன் பொய் சொல்கிறாரா?

குளுகோர் குணா:
நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் காதில் விழவில்லை. ரோத்தான் எடுத்தவர் காதில் எப்படி விழும்?

பாயான் பாரு பிரேமா:
இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் போய்ச் சொல்லப் போகிறீர்களா? பிள்ளை கன்னத்தில் கட்டோடு உட்கார்ந்திருக்கும்போது அப்பாவைக் குற்றவாளியாக்கப் போகிறீர்களா? குடும்பம் உடைந்துவிடும் அண்ணே.

பாகான் பவானி:
ஞாயிற்றுக்கிழமை என்றதும்தான் கணக்குப் போட்டேன். கடித்தது சனிக்கிழமை. பத்து நாள் செவ்வாய்க்கிழமைதான் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை எந்த முடிவும் எடுக்காதீர்கள், கூட்டத்தைப் புதன்கிழமைக்குத் தள்ளுங்கள். அதுவரை மணியைத் தனியாகக் கட்டிவையுங்கள், யார் சாப்பாடு வைத்தாலும் ஒருத்தரே வைக்கட்டும். சாப்பிடாமல் இருந்தாலோ, எச்சில் வழிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்கினாலோ உடனே கால்நடை சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். யாரும் கையால் தொட வேண்டாம். பையனுக்கு ஏழாம் நாள் ஊசி இந்தச் சனிக்கிழமை வருகிறது.

குளுகோர் குணா:
மருமகனுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. மற்ற நாளில் அவர் இருக்க மாட்டார். அவர் இல்லாமல் பேசினால் பிறகு அதுவே சண்டையாகும். ஞாயிறு பேசட்டும், செவ்வாய் வரை மணியை யாரும் தொட மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

செந்தூல் சேகர்:
பதினாலாவது மாடியில இருந்து பொறுப்பு.

குளுகோர் குணா:
ஞாயிறு காலையில் முதல் ஆளாக நான் அங்கே இருப்பேன். அக்காவை எல்லோர் முன்னாலும் அடுப்படியில் அதே இடத்தில் நிற்கச் சொல்லி, என்ன கேட்டது என்று சொல்லச் சொல்வேன்.

செந்தூல் சேகர்:
காத்தாடியைப் போட்டுட்டு நிக்கச் சொல்லுங்க.

குளுகோர் குணா:
காத்தாடி ஓடவில்லை என்று எத்தனை தடவை எழுதுவது?

ஜாலான் ஈப்போ இளங்கோ:
அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்தவர் காத்தாடியை நிறுத்துவாரா, போடுவாரா?

குளுகோர் குணா:
இளங்கோ சார், அவர் எண்ணெய் வைக்கப் போனார், வைக்கவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.